சயீத் ஜாஃப்ரி: பிரிட்டிஷ் டிவியின் குணச்சித்திர நடிகரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறது, முகம் ஞாபகம் வரவில்லை. யார் இவர்?

முகத்தைப் பார்த்தால் "அட, இவரா!" என்பீர்கள். ஆட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் சர்தார் படேலாக வருகிறவர் இவர்தான். ஆமிர் கான், மாதுரி தீட்சித் நடித்த 'தில்' படத்தில் மாதுரியின் பணக்கார அப்பாவும் இவர்தான். நம் ஊரில் இவரை இந்தி சினிமாவின் துணை நடிகராகத்தான் தெரியும். ஆனால் அவர் குடியிருந்தது லண்டனில், 1970களில் இருந்து பிரிட்டிஷ் டிவியில் தெற்காசிய வேடம் என்று ஒன்று எழுதப்பட்டால் தயாரிப்பாளர்களுக்கு முதலில் ஞாபகம் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. 2015 நவம்பரில் தன் 86ஆவது வயதில் லண்டனில் காலமானார். அடுத்த ஜனவரியில் இந்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது, கொஞ்சம் முன்னாடியே கொடுத்திருக்கலாம்.

எந்த ஊர்க்காரர்?

பிறந்தது 1929 ஜனவரி 8, பஞ்சாபில் மாலேர்கோட்லா. அப்பா டாக்டர், அரசு வேலை, அதனால் அன்றைய ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட்) ஊர் ஊராக மாற்றல். அலிகரில் கொஞ்சம், முசோரியில் கொஞ்சம் என்று படிப்பு போனது. அலிகரில் உருதும் முசோரி மலைப்பள்ளியில் ஆங்கிலமும் படிந்ததாக வைத்துக்கொள்ளலாம், அந்த இரண்டு மொழியையும் வைத்துத்தான் வாழ்நாள் முழுக்கச் சோறு சாப்பிட்டார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு 1951இல் டெல்லிக்குப் போய், ஆல் இந்தியா ரேடியோவில் ஆங்கில அறிவிப்பாளராகச் சேர்ந்தார், சம்பளம் 250 ரூபாய். அதே வருடம் நண்பர்களோடு சேர்ந்து யூனிட்டி தியேட்டர் என்று ஒரு ஆங்கில நாடகக் குழுவையும் ஆரம்பித்தார்.

மதுர் ஜாஃப்ரி என்ற சமையல்கலை எழுத்தாளருக்கும் இவருக்கும் உறவா?

முன்னாள் கணவர். யூனிட்டி தியேட்டர் நாடகங்களில் சேர்ந்து நடித்தபோது அவர் மதுர் பகதூர். 1958இல் அமெரிக்காவில் கல்யாணம், மூன்று பெண் குழந்தைகள், 60களின் நடுவில் விவாகரத்து. மூன்று மகள்களில் ஒருவரான சகினா ஜாஃப்ரியை 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மதுர் அப்புறம் 1982இல் பிபிசியில் இந்தியச் சமையல் நிகழ்ச்சி செய்து, கணவரைவிடப் பெரிய டிவி முகமாகிவிட்டார். ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிரிட்டிஷ் வரவேற்பறைகளில் தனித்தனியாக வந்து போனார்கள் என்பது விசித்திரம்தான். தன் பக்கத்துத் தப்புகளைப் பற்றி ஜாஃப்ரி 1998இல் வந்த சுயசரிதையில் கொஞ்சம் அதிகமாகவே வெளிப்படையாக எழுதியிருக்கிறார், அதற்குள் நான் போகவில்லை.

டெல்லி ரேடியோவில் இருந்தவர் லண்டன் டிவிக்கு எப்படி வந்தார்?

நேராக வரவில்லை, அமெரிக்கா வழியாக வந்தார். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, அங்கேயே ஒரு குழுவோடு ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஊர் ஊராகப் போட்டு, நியூயார்க்கில் 1962இல் 'எ பாஸேஜ் டு இந்தியா' நாடகம் பிராட்வே மேடை ஏறியபோது பேராசிரியர் கோட்போலே வேடத்தில் நடித்தார். (இந்தக் கோட்போலேயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.) நியூயார்க்கில் இருந்தபோது இன்னொரு காரியமும் நடந்தது. ஜேம்ஸ் ஐவரி என்ற இளம் டாக்குமென்டரி இயக்குநரின் படத்துக்கு இவர் குரல் கொடுத்தார், பம்பாயில் இருந்து வந்திருந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட் எடுத்த குறும்படத்துக்கும் இவர் குரல்தான். அந்த இரண்டு பேரும் பின்னால் சேர்ந்து மெர்ச்சன்ட் ஐவரி என்ற படக் கம்பெனி ஆனதில் ஜாஃப்ரி தம்பதிக்குப் பங்கு உண்டு.

60களின் நடுவில், கல்யாணம் முறிந்த கையோடு, லண்டன் வந்து சேர்ந்தார். பிபிசி உலக சேவையில் உருதுப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆக மறுபடி மைக் முன்னால்தான்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் டிவியில் இந்திய, பாகிஸ்தானிய நடிகர்களுக்கு வேலை இருந்ததா?

இருந்தது, ஆனால் என்ன வேலை என்று கேட்க வேண்டும். டாக்டர், பஸ் கண்டக்டர், மூலைக்கடைக்காரர், ஹோட்டல் வெயிட்டர், ஒரு காட்சி, இரண்டு வசனம், முடிந்தது. கொஞ்சம் பெரிய வேடம் என்றால் அதை வெள்ளைக்காரரே முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு நடித்துவிடுவார். 1974இல் பிபிசியில் ஆரம்பித்த 'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' காமெடித் தொடரில் ரங்கி ராம் என்ற முக்கியமான இந்திய வேடத்தை நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் ஜான்சியில் பிறந்தவர், உருது தெரிந்தவர் என்று சமாதானம் சொல்வார்கள். அதே தொடரில் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக்குக்குக் கிடைத்தது டீ விற்பவர் வேடம். நிலவரம் இதுதான்.

'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரில் டர்பன் கட்டி வருபவர் இவர்தானே?

இல்லவே இல்லை, ஆனாலும் இந்தக் கேள்வி நிற்கப் போவதில்லை. அந்த ரஞ்சித் சிங் வேடத்தில் நடித்தவர் ஆல்பர்ட் மோசஸ், இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். சிலோன்காரர் ஒருவர் பஞ்சாபி சீக்கியராக நடிக்கிறார், டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக் பாகிஸ்தானியாக நடிக்கிறார், நடிகர் தேர்வு செய்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். 1977இல் ஆரம்பித்த அந்தத் தொடரில் ஆளுக்கொரு உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைத்தார்கள். நம் பக்கத்தில் பலருக்கு அது இன்னும் பிடிக்கும், இங்கிலாந்தில் 1979இலேயே அது புண்படுத்துகிறது என்று சேனல் தரப்பில் நிறுத்தினார்கள். மோசஸைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வகுப்பறையில் கிடைத்த வேடத்தில் அவர் மிடுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, ஜாஃப்ரிக்குத் திருப்பம் எது?

1975. அந்த ஒரே வருடத்தில் இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று சினிமா. ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி மேன் ஹூ வுட் பி கிங்'. ஷான் கானரியும் மைக்கேல் கெய்னும் மலைநாட்டில் ராஜாவாகப் போகிற கதை, அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வரும் பில்லி ஃபிஷ் என்ற கூர்க்கா சிப்பாய்தான் இவர். எடுபிடி வேடம் மாதிரிதான் ஆரம்பிக்கும். ஆனால் இரண்டு பெரிய நட்சத்திரங்களும் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் இவர் கண்ணைக் கவனியுங்கள், அவர்கள் சொல்வதில் எதை எவ்வளவு மொழிபெயர்ப்பது என்று ஒரு கணக்கு அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் தப்பிக்க வழியிருந்தும் குக்ரி கத்தியை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவார். படம் முடிந்து வெளியே வரும்போது மனதில் நிற்கிற மூன்றாவது முகம் அவருடையது.

இன்னொன்று டிவி. பர்மிங்ஹாமின் பெபிள் மில் ஸ்டூடியோவில் இருந்து பிபிசி எடுத்த 'கேங்ஸ்டர்ஸ்'. 1975 ஜனவரியில் தனி நாடகமாக வந்து, 1976இலும் 1978இலும் தொடராக நீண்டது. எழுதியவர் பிலிப் மார்ட்டின். பர்மிங்ஹாம் தாதா உலகம்தான் களம். இதில் சட்டவிரோதமாக ஆட்களை நாட்டுக்குள் கொண்டுவரும் தொழிலில் இருக்கும் ரஃபீக்காக ஜாஃப்ரி. வில்லன்தான், ஆனால் எப்படிப்பட்ட வில்லன்! படித்தவன், நாசூக்கானவன், தன் பேச்சைத் தானே ரசிக்கிறவன். பாவப்பட்ட வந்தேறி அல்லது கேலிக்குரிய வந்தேறி என்று இரண்டே அச்சு இருந்த டிவியில், தன் வாழ்க்கையை ருசித்து வாழ்கிற ஒரு கெட்டவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஜாஃப்ரியின் மொத்த வேலையுமே எனக்கு அங்கேதான் இருக்கிறது. நவாபோ, ஹோட்டல்காரரோ, தாதாவோ, அந்த ஆளுக்கு எதில் ஆசை, சாப்பாட்டிலா, பணத்திலா, பெண்ணிலா, சீட்டாட்டத்திலா என்பதை முதல் இரண்டு நிமிடத்துக்குள் காட்டிவிடுவார். அப்புறம் அந்த ஆள் எந்த நாட்டுக்காரர் என்பதே நமக்கு இரண்டாம் பட்சமாகிவிடும்.

இந்தி சினிமாவுக்குப் போனது டிவி வேலை இல்லாததாலா?

அப்படிச் சொல்ல முடியாது. சத்யஜித் ராய் கூப்பிட்டார், போனார். 1977இல் வந்த 'ஷத்ரஞ்ஜ் கே கிலாடி', 1856 லக்னோவில் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டை விழுங்கிக்கொண்டிருக்கும்போது சதுரங்கப் பலகையை விட்டு எழுந்திருக்காத இரண்டு ஜமீன்தார்களின் கதை. சஞ்சீவ் குமார் ஒருவர், மீர் ரோஷன் அலியாக ஜாஃப்ரி இன்னொருவர். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. இந்தப் படத்தில் ஜெனரல் அவுட்ராமாக நடித்தவர் ரிச்சர்ட் ஆட்டன்பரோ, அவர் இயக்கிய 'காந்தி'யில்தான் பிறகு படேல் வேடம்.

1981இல் 'சஷ்மே பத்தூர்' என்ற சின்னப் படத்தில் டெல்லித் தெருமுனைப் பீடாக்கடைக்காரர் லல்லன் மியானாக வந்தார். மூன்று பையன்கள் சிகரெட்டைக் கடனுக்கு வாங்கிக்கொண்டே போவார்கள், இவர் பாக்கியைக் கேட்டுக்கொண்டே கொடுப்பார். இந்தியாவில் இன்றும் ஜாஃப்ரி என்றால் பலருக்கு அந்தப் பீடாக்கடைதான். அதற்கப்புறம் 80, 90களில் மளமளவென்று இந்திப் படங்கள், பாதிப் படங்களில் கதாநாயகியின் அப்பா. பணத்துக்குச் செய்ததை எல்லாம் பட்டியல் போட வேண்டியதில்லை.

1984ஐப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

அந்த ஒரு வருடத்தில் மட்டும் பிரிட்டனில் வெள்ளைக்கார ராஜ்ஜியத்தின் மீது ஏக்கம் பெருக்கெடுத்து ஓடியது. 'தி ஃபார் பெவிலியன்ஸ்' தொடர், கிரானடா டிவியின் 14 பகுதித் தொடர் 'தி ஜுவல் இன் தி கிரவுன்', டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா' சினிமா. மூன்றிலும் ஜாஃப்ரி இருக்கிறார்! முதலாவதில் சூழ்ச்சிக்கார பிஜு ராம், இரண்டாவதில் மிராட் நவாப், மூன்றாவதில் வக்கீல் ஹமீதுல்லா. இந்திய நடிகர்களுக்கு வேலை கொட்டியது, ஆனால் கதை யாருடையது என்று பார்த்தால் மூன்றிலும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் மனப் போராட்டம்தான். 'ஜுவல் இன் தி கிரவுன்' இதில் கொஞ்சம் மேல், ஹரி குமார் வேடத்தில் ஆர்ட் மாலிக்குக் கிடைத்த கனம் அப்போது அபூர்வம்.

இந்த அலைக்கு முன்னால், 1980இல் சிம்லாவில் எடுத்த 'ஸ்டேயிங் ஆன்' என்று ஒரு டிவி படம் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் ஊருக்குத் திரும்பாத ஒரு ஆங்கிலேயத் தம்பதி, அவர்கள் குடியிருக்கும் ஹோட்டலை நடத்தும் பூலாபாய், அவரை உருட்டி மிரட்டும் மனைவி. மனைவியாக பேர்ல் பதம்சீ, பூலாபாயாக ஜாஃப்ரி. பொண்டாட்டிக்குப் பயந்த புருஷன் என்ற அரதப் பழசான வேடத்தில் ஒரு மனிதரின் தனிமையைக் கொண்டுவந்திருப்பார். அலையைவிட எனக்கு இந்தத் துளி முக்கியம்.

கோட்போலே கதை என்ன?

பிராட்வேயில் கோட்போலேயாக நடித்த இந்தியர் ஜாஃப்ரி. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே கதை சினிமாவானபோது கோட்போலே வேடம் போனது ஆலெக் கின்னஸுக்கு, அதாவது பழுப்பு மை பூசிய ஒரு ஆங்கிலேயருக்கு. அதே படத்தில் ஜாஃப்ரிக்கு அதைவிடச் சின்ன வேடம். கின்னஸ் பெரிய நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்சிகளை இப்போது பார்க்க எனக்குக் கூசுகிறது.

'தந்தூரி நைட்ஸ்' உண்மையிலேயே முதல் ஆசியக் காமெடித் தொடரா?

சேனல் 4 என்ற பிரிட்டிஷ் டிவி சேனலின் முதல் ஆசியக் காமெடித் தொடர் என்று சொல்வார்கள். 1985 முதல் 1987 வரை வந்தது, எழுதியவர் ஃபரூக் தோண்டி. லண்டனில் ஹோட்டல் நடத்தும் ஜிம்மி ஷர்மாவாக ஜாஃப்ரி, இந்த முறை கதையே அவரைச் சுற்றித்தான். அவருடைய ஹோட்டலின் பெயர் 'ஜுவல் இன் தி கிரவுன்'. இவரிடம் வெயிட்டராக இருந்தவர் கோபித்துக்கொண்டு போய் எதிரிலேயே போட்டிக் கடை போடுவார், அதன் பெயர் 'ஃபார் பெவிலியன்ஸ்'. முந்தின வருடம் ராஜ் ஏக்கத்தில் மிதந்த இரண்டு தொடர்களின் பெயரையும், இரண்டிலும் நடித்த மனுஷனையே வைத்து, கோழிக்கறி விற்கிற கடைகளின் போர்டில் தொங்கவிட்டுவிட்டார்கள்! இதைவிட நல்ல விமர்சனக் கட்டுரை எதுவும் அந்தத் தொடர்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பேன். ஜிம்மிக்குப் பெருமை, பேராசை, மகள்கள் மேல் பயம் எல்லாம் உண்டு. சிரிப்பு உச்சரிப்பில் இருந்து வராமல் அந்த ஆளின் குணத்தில் இருந்து வந்தது. ஜோஹ்ரா சேகலும் இதில் உண்டு, அவர் வந்தாலே காட்சி களைகட்டும். எல்லாப் பகுதியும் சமமாக நன்றாக இருக்காது, சிலது இழுக்கும்.

'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' சினிமாதானே, இதை ஏன் டிவி கணக்கில் சேர்க்கிறீர்கள்?

சேனல் 4 பணத்தில், டிவிக்காக, 16 எம்எம்மில் எடுத்த படம் அது. எடின்பரோ திரைப்பட விழாவில் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் தியேட்டருக்குப் போனது. அப்போது சேனல் 4இல் படங்களுக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருந்தவர் டேவிட் ரோஸ், பத்து வருடம் முன்னால் பெபிள் மில்லில் 'கேங்ஸ்டர்ஸ்' வந்தபோது அங்கே நாடகப் பிரிவின் தலைவராக இருந்த அதே ஆள். ஜாஃப்ரியின் இரண்டு நல்ல டிவி வேடங்களுக்கும் பின்னால் அந்த ஒரே மனிதர் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கதவு திறக்கிற அதிகாரி ஒருவர் இருந்தால்தான் நடிகரின் திறமை வெளியே வரும்.

ஹனீஃப் குரேஷி எழுதி, ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கினார். மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த 80களின் லண்டனில் காசு பண்ணத் தெரிந்த பாகிஸ்தானிய மாமா நாசர்தான் ஜாஃப்ரி. கராஜ், வாடகை வீடுகள், வீட்டில் மனைவி, வெளியே ரேச்சல் என்ற ஆங்கிலேயக் காதலி. புது சலவைக்கடை திறக்கும் நாளில் ஒரு காட்சி வரும். வாசலில் கூட்டம் காத்திருக்கிறது, கடை உள்ளே காலி, வாஷிங் மெஷின் வரிசைக்கு நடுவே நாசரும் ரேச்சலும் வால்ட்ஸ் ஆடுகிறார்கள். வயதான, கனத்த உடம்புக்காரர், அவ்வளவு லேசாகச் சுற்றுகிறார், முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம். பின்னறையில் அவருடைய அண்ணன் மகன் தன் காதலனோடு இருக்கிறான், இவருக்குத் தெரியாது. பிறகு ரேச்சல் விலகுகிறாள், மகள் வீட்டை விட்டுப் போகிறாள், அண்ணனின் ரயிலடி வீட்டில் உட்கார்ந்து இரண்டு கிழவர்களும் பேசுகிறார்கள். அண்ணனாக ரோஷன் சேத். 'காந்தி'யில் நேருவும் படேலுமாக இருந்தவர்கள் இங்கே குடிகாரப் பத்திரிகையாளரும் பணக்காரத் தம்பியும். இந்த வேடத்துக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதில் துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் சயீத் ஜெஃப்ரி என்று ஒருவர் வருகிறாரே?

அது ஒரு கதாபாத்திரத்தின் பெயர்! 1985இல் பிபிசியில் ஆரம்பித்த தொடரில் மூலைக்கடை நடத்தும் பாத்திரத்துக்கு சயீத் ஜெஃப்ரி என்று பெயர் வைத்தார்கள், நடித்தவர் ஆண்ட்ரூ ஜான்சன். நம் ஆளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'டில் நடித்தது எப்போது?

1999இல், ரவி தேசாய் என்ற கடைக்காரராக. 1960இல் இருந்து ஓடும் தொடர் அது, வடக்கு இங்கிலாந்து உழைக்கும் மக்களின் தெருவைக் காட்டுவதாகச் சொல்லும் தொடர், அந்தத் தெருவில் ஒரு ஆசியக் குடும்பம் குடியேற முப்பத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்ததும் மூலைக்கடைதான். ஜாஃப்ரி சீக்கிரமே விலகிவிட்டார், அதே வருடம் அந்தக் குடும்பத்தின் வழியாக உள்ளே வந்த தேவ் அலஹான் மட்டும் வருடக்கணக்கில் நிலைத்துவிட்டார். இந்த வேடத்தில் ஜாஃப்ரிக்குச் செய்ய ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த வயதில் தெருவில் போகிறவர்கள் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்குப் புகழ் தருவது சோப் தொடர்தான், வேண்டாம் என்று எந்த நடிகர் சொல்வார்?

அதைவிட 1994இல் சேனல் 4இல் நாலே பகுதி வந்த 'லிட்டில் நெப்போலியன்ஸ்' மேல். நார்மன் பீட்டனும் இவரும் உள்ளூர் அரசியலில் மோதிக்கொள்ளும் இரண்டு வக்கீல்கள். நம் ஊர் வார்டு அரசியல் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

குரலைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே?

ஆரம்பித்தது ரேடியோவில் என்பதால் கடைசி வரை அதை விடவில்லை. விக்ரம் சேத்தின் 'எ சூட்டபிள் பாய்' நாவலை பிபிசி உலக சேவைக்காக 1997இல் செய்தபோது 86 பாத்திரங்களுக்கும் இவர் ஒருவரே குரல் கொடுத்தார். டிவியில் இந்திய உச்சரிப்பு என்று ஒன்றே ஒன்றை எதிர்பார்த்தார்கள், இவரிடம் லக்னோ நவாபுக்கு ஒன்று, பஞ்சாபி வியாபாரிக்கு ஒன்று, ஆங்கிலப் பள்ளியில் படித்த வக்கீலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. வெள்ளைக்கார இயக்குநருக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம். நமக்குத் தெரியும்.

அவருடைய நடிப்பில் குறையே இல்லையா?

ஏன் இல்லை? கண்ணைச் சிமிட்டி, புருவத்தைத் தூக்கி, குரலைக் குழைத்தால் காட்சி தேறிவிடும் என்று அவருக்கே தெரிந்துபோனது, பிற்காலத்தில் சில இடங்களில் அதை மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறார். கட்டுப்படுத்த நல்ல இயக்குநர் இல்லாவிட்டால் மிகையாகப் போய்விடும். ராய், ஃப்ரியர்ஸ் மாதிரி ஆட்கள் கையில் கிடைத்தபோதுதான் அந்தக் கவர்ச்சிக்குப் பின்னால் இருக்கும் பயமும் தனிமையும் வெளியே வந்தது. 1995இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தைவிட இன்னும் இரண்டு நாசர் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 'லாண்ட்ரெட்'. பிடித்திருந்தால் 'ஷத்ரஞ்ஜ் கே கிலாடி'. அப்புறம் பொறுமை இருந்தால் 'கேங்ஸ்டர்ஸ்', 70களின் டிவி என்பதால் ஆரம்பத்தில் கரடுமுரடாக இருக்கும், போகப் போகக் கதையே கிறுக்குத்தனமாக மாறும், தயாராக இருங்கள். 'ஜுவல் இன் தி கிரவுன்' 14 பகுதி, லீவு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்தவர்கள் 'சஷ்மே பத்தூர்' பார்க்கும்போது 1981இல் வந்த படத்தையே தேடிப் பார்க்கவும், 2013இல் அதே பெயரில் ஒரு மறு ஆக்கம் இருக்கிறது, அதில் இவர் இல்லை.